பள்ளி மாடியில் சோலார்: எத்தனை கிலோவாட் போதும், பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்கலாம்?

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், விருதுநகர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக்குச் சோலார் அமைத்துத் தர முன்னாள் மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். எட்டு வகுப்பறைகள், 16 மின்விசிறிகள், அதே அளவு எல்.இ.டி. குழல் விளக்குகள், ஒரு ஸ்மார்ட் வகுப்பறை, ஒன்றரை எச்.பி. போர் மோட்டார் ஆகியவையே எங்கள் மின்தேவை. விலை கேட்ட இடங்களில் ஒருவர் 10 கிலோவாட் வேண்டும் என்கிறார். மற்றொருவர் 3 போதும் என்கிறார். கரண்ட் போனாலும் விசிறி சுழல வேண்டும் என்பது பெற்றோரின் எதிர்பார்ப்பு. இது பிள்ளைகளின் பாடத்தோடும் சேர வேண்டும் என்பது என் ஆசை. வழிகாட்டுங்கள்.

சோலார் பொறியாளர், மதுரை

வணக்கம் ஐயா. கணக்கை விசிறியிலிருந்து தொடங்குங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். பதினாறையும் மாற்றினால் 1,200 வாட் சுமை 480 வாட்டாகக் குறையும். பேனல் வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான் என்பேன். அதன்பின் உங்கள் தேவை நாளொன்றுக்கு 8 யூனிட் அளவில் நிற்கும். நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியில் தினமும் ஏறத்தாழ 4 யூனிட் தருவதால் 3 கிலோவாட் தாராளம். நிழல் விழாத 300 சதுர அடி மாடி இருந்தால் போதும்.

ஆனால் கரண்ட் போகும் நேரத்தைப் பற்றி இப்போதே தெளிவாகப் பேசிவிடுங்கள். பேனல் தரும் மின்சாரத்தை விசிறி, விளக்குக்கு ஏற்றதாக மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலிலும் ஒரு விசிறி கூடச் சுழலாது. ஆகவே கரண்ட் இல்லாதபோதும் பேட்டரியைக் கொண்டு இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும், விசிறி விளக்குகளுக்கு மட்டும் தனி லைனும், அதற்கேற்ற பேட்டரியும் கேளுங்கள். அந்த லைனில் மோட்டாரைச் சேர்க்காதீர்கள். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகிவிடும்.

மற்றொன்று: 2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் வீடுகளுக்கு மட்டுமே உரியது. பள்ளிக்கும் வாங்கித் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்

ஐயா, இன்வெர்ட்டரை மாடிப்படி மூலையில் பூட்டி வைத்துவிடாமல், அதன் திரை பிள்ளைகளின் கண்ணில் படும்படி தாழ்வாரத்தில் பொருத்தச் சொல்லுங்கள். கைபடாமல் கம்பிவலைக் கதவு இருக்கட்டும். முந்தைய நாள் எத்தனை யூனிட் என்பதைக் காலை வழிபாட்டின்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் கரும்பலகையில் எழுதினால், ஐப்பசி அடைமழைக்கும் பங்குனி வெயிலுக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் வரைந்த வரைபடத்திலேயே தெரியும்.

பத்து செல் கொண்ட கையடக்கப் பேனல் ஒன்றும் மின்னோட்டத்தை அளக்க மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்து, வரிசையில் உள்ள ஒரே ஒரு செல்லை மட்டும் அட்டையால் மூடச் சொல்லுங்கள். பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். மின்னோட்டமோ கிட்டத்தட்ட முழுவதும் விழுந்துவிடும். தொடரிணைப்பு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக நான் கற்பித்ததில்லை.

உங்கள் ஊரில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நிழலில்லா நாள், அதாவது நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள், வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும்போது, பேனலை ஏன் தெற்கு நோக்கிச் சாய்க்கிறோம் என்று கேளுங்கள். ஆண்டில் ஏழரை மாதம் சூரியன் தெற்கே நிற்கிறது என்ற விடையை ஒரு குச்சியின் நிழலை அளந்தே அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ராமநாதபுரம்

பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைக் குழுத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பேட்டரி சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருள். அதற்கென இப்போதே தொகை ஒதுக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைக் கொண்டு பேனலைக் கழுவாதீர்கள், வெள்ளைப் படிவம் ஒட்டிக்கொள்ளும். துடைக்கும் வேலைக்குப் பிள்ளைகளை மாடியேற்றவே கூடாது.

தலைமையாசிரியர்

அனைவருக்கும் நன்றி. ஒரு ஐயம்: வகுப்பறைக் கட்டடத்தின் தெற்கே பெரிய வேப்பமரம் இருக்கிறது. அதை வெட்ட எனக்கு மனமில்லை.

சோலார் பொறியாளர், மதுரை

வெட்டாதீர்கள் ஐயா. மார்கழி, தை மாதங்களில்தான் அதன் நண்பகல் நிழல் வடக்கே மிக நீண்டு விழும். அந்த மாதங்களில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் நிழலின் ஓரத்தை மாடியில் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு, கோட்டுக்கு அப்பால் பேனலைப் போடலாம். இடம் போதாவிட்டால் சத்துணவுக் கூடத்தின் மாடியை அளந்து பாருங்கள்; கேபிள் செலவு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.