சர்வரில் மட்டும் 'டிஎஸ்சி: நாட் ஃபவுண்ட்', லேப்டாப்பில் பிரச்சினையே இல்லை

மல்லிக்கடை:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமா கடைக்காக மல்லி, பிச்சி, கனகாம்பரம் விலையை அன்றன்றைக்குக் காட்டுகிற ஒரு சின்ன சைட். நோட், எக்ஸ்பிரஸ் (நோடுக்கான வெப் ஃப்ரேம்வொர்க்), டைப்ஸ்கிரிப்ட். சர்வரில் பேக்கேஜ்களை இறக்கிப் போடும் 'என்பிஎம் சிஐ' ஒரு எரரும் இல்லாமல் முடிகிறது, ஆனால் 'என்பிஎம் ரன் பில்ட்' கொடுத்தால் 'டிஎஸ்சி: நாட் ஃபவுண்ட்', எக்சிட் கோடு 127; டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் டிஎஸ்சி கமாண்டே இல்லையாம். பேக்கேஜ் ஜேசனில் டைப்ஸ்கிரிப்ட் டெவ் டிபென்டென்சியில் (டெவலப் பண்ணும்போது மட்டும் தேவைப்படுகிற பேக்கேஜ்கள்) இருக்கத்தான் செய்கிறது. பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டும் அதே கதை. யாராவது சொல்லுங்கள்.

எல்லீஸ்நகர்:
டைப்ஸ்கிரிப்டைத் தூக்கி, சைட் ஓடும்போது தேவைப்படுகிற டிபென்டென்சியில் போடுங்கள், ஓடிவிடும்.

திருமங்கலத்தான்:
ஓடும்ணே, ஆனால் நாளைக்கு எஸ்லின்ட், ஜெஸ்ட் என்று கோடு சரிபார்க்கிற, டெஸ்ட் பண்ணுகிற எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுபோய்க் குவிக்க வேண்டிவரும். தம்பி, சர்வரில் 'நோட் என்வி' வேரியபிளை எக்கோ பண்ணிப் பாருங்கள். 'புரொடக்‌ஷன்' என்று வந்தால் காரணம் அதுதான்: அதைப் பார்த்ததும் என்பிஎம் டெவ் டிபென்டென்சி அத்தனையையும் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

மல்லிக்கடை:
ஆமாம் அண்ணே, 'புரொடக்‌ஷன்' என்றுதான் வருகிறது. அதை எடுத்துவிடவா?

திருமங்கலத்தான்:
வேண்டாம், எக்ஸ்பிரஸும் அதைப் பார்த்துத்தான் வியூ டெம்ப்ளேட்டைக் கேஷ் செய்கிறது, எரர் விவரத்தை வெளியாளுக்குக் காட்டாமல் மறைக்கிறது. 'என்பிஎம் சிஐ'யோடு 'இன்க்ளூட் டெவ்' சேர்த்துக் கொடுங்கள், பில்ட் பண்ணுங்கள், அப்புறம் டெவ் பேக்கேஜ்களைக் கழற்றிவிட 'என்பிஎம் ப்ரூன்', கூடவே 'ஆமிட் டெவ்'. டிஎஸ்சி ஜாவாஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்த பிறகு அதற்கு அங்கே வேலை இல்லை. பந்தல் போட்டதும் ஏணியை எடுத்துவிடுகிற மாதிரிதான்.

மல்லிக்கடை:
பில்ட் ஆகிவிட்டது! ஆனால் ப்ரூன் பண்ணி ஸ்டார்ட் கொடுத்தால் இப்போது 'கெனாட் ஃபைண்ட் மாட்யூல் டாட்என்வ்'.

திருமங்கலத்தான்:
டாட்என்வ் (செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கிற பேக்கேஜ்) டெவ் பக்கம் கிடக்கும், பாருங்கள். சர்வர் ஓடும்போது உங்கள் கோடு அதை இம்போர்ட் செய்கிறதா, அப்படியென்றால் அது டிபென்டென்சிதான், பெயர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. லேப்டாப்பில் 'என்பிஎம் இன்ஸ்டால் டாட்என்வ்', கூட 'சேவ் ப்ராட்' கொடுத்தால் இடம் மாறிவிடும். பேக்கேஜ் ஜேசனோடு, வெர்ஷன்களைக் குறித்துவைக்கிற லாக் ஃபைலையும் சேர்த்துக் கமிட் பண்ணுங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 'சிஐ' அடம்பிடிக்கும்.

எல்லீஸ்நகர்:
அடுத்த தடவை சர்வருக்கு ஏற்றும் முன், ப்ராஜெக்டை லேப்டாப்பிலேயே வேறு ஃபோல்டரில் க்ளோன் பண்ணி, 'சிஐ', பில்ட், ப்ரூன், ஸ்டார்ட் என்று இதே வரிசையில் ஓட்டிப் பாருங்கள். விடுபட்டது எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மல்லிக்கடை:
ஓடுகிறது, நன்றி அண்ணே. எக்ஸ்பிரஸுக்கான டைப்ஸ் பேக்கேஜை எந்தப் பக்கம் வைக்க, டெவ்வா, டிபென்டென்சியா?

திருமங்கலத்தான்:
டெவ். அது டிஎஸ்சி படிக்க மட்டும்தான்.