'முதுமை வறட்சி' சரியா? ஷோகிரென் நோய்க்குச் சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஷோகிரென் நோய் பற்றிய நோயாளர் கையேட்டைத் திங்கட்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கிக் காயவைக்கும் நோய். பெரும்பாலும் 40-60 வயதில் தெரியவருவதால் 'முதுமை வறட்சி' என்று எழுதியிருக்கிறேன். 'ரிஸ்க்' என்பதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.
– மீ.

மீ. அக்கா, 'முதுமை' வேண்டவே வேண்டாம். வயதானால் கண்ணீர் குறைவது வேறு, இது வேறு. 1933-இல் ஹென்ரிக் ஷோகிரென் விவரித்த 19 பெண்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். இது வயதான பெண்களின் நோய் என்ற எண்ணம் அதனால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்த ஒரு பெண்ணுக்கு 27 வயது. ஒரு பிடி பொட்டுக்கடலையை விழுங்கத் தண்ணீர் கேட்டார். கண்ணீரை அளக்கக் கீழிமையில் செருகிய தாள் ஐந்து நிமிடத்தில் 3 மி.மீ.தான் நனைந்தது, 5 நனைந்தாலே குறைவு. உடம்புச் சூடு, இளநீர் குடி என்று இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். 'முதுமை' என்று பார்த்தால் அவர் கையேட்டைத் திறந்தே பார்க்க மாட்டார். கருவுற்றால், இந்த நோயாளிகள் பலரின் இரத்தத்தில் இருக்கும் ரோ என்ற எதிர்ப்பொருள் கருவிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பையே தாழ்த்திவிடலாம். அவர்தான் முதலில் படிக்க வேண்டியவர்.
– தெ.

வறட்சி மழைக்கு உரியது. 'நீருலந்த உண்கண்', அதாவது நீர் வற்றிய மையுண்ட கண், என்கிறது குறள் 1174. அதே குறளில் 'உய்வில்நோய்', தப்ப வழியில்லாத நோய், என்றும் வருகிறது. உலத்தல், உலர்தல், காய்ந்த கிளையாகிய உலவை எல்லாம் ஒரு வேர்தான். 'நீருலப்பு நோய்' எனலாம்.
– பு.

ஐயா, சொல் அழகு. ஆனால் மருந்துச் சீட்டோடு நிற்கிற அம்மாவுக்கு அது 'உலுப்பு' என்று கேட்கும். 'உலர்சுரப்பி நோய்' என்போம். வினைத்தொகை, உலர்ந்த, உலர்கின்ற, உலரும் மூன்றும் அதில் அடங்கும், எந்த வயதுக்கும் பொருந்தும்.
– சா.

எனக்குச் சம்மதம். ரிஸ்க்குக்கு 'வாய்ப்பு' போடாதீர்கள். இந்த நோயோடு சிலருக்கு வரும் நிணநீர்ப் புற்று யாருக்கும் வாய்க்க வேண்டாம். 'ஆபத்து' என்றால் தூக்கம் போய்விடும். பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை. 'இடர்' என்று சொல்லிப் பார்த்தேன், இடறி விழுவதா என்று கேட்டார்கள்.
– தெ.

சரி, 'உலர்சுரப்பி நோய்' என்றே போடுகிறேன். ரிஸ்க்கை 'வரக்கூடும்' என்று வினையாகவே எழுதிவிடுகிறேன்.
– மீ.

'நீருலப்பு' என்பதை நான் விடவில்லை. 'வரக்கூடும்' வினைமுற்று, கலைச்சொல் அன்று. 'வயதும் ரிஸ்க்கும்' என்ற அட்டவணைத் தலைப்பில் என்ன எழுதுவீர்கள்?
– பு.