மறு: டி செல்லைத் தூண்டும் நானோ மேற்பரப்பு – சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லைத் தூண்ட, உடலின் செல் போலவே நடந்துகொள்ளும்படி நானோ அளவில் செய்த கண்ணாடித் துண்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே கேள்வி.

> "உயிரிப்போலிப் பரப்பு" என்று வைத்துவிடலாமே. போலி நம் இலக்கணத்திலேயே இருக்கிற சொல்.

இருக்கிறது ஐயா. அறம் நிற்க வேண்டிய இடத்தில் அறன் நின்றாலும் பொருள் மாறுவதில்லை. இந்தக் கண்ணாடித் துண்டு செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று தினமும் செய்தி படிக்கிறவர் இதை வேறு மாதிரிதான் எடுத்துக்கொள்வார்.

> அப்படியானால் "செயற்கை உயிரணுப் பரப்பு"?

இது மிகை. யோவாகிம் ஸ்பாட்ஸின் ஜெர்மன் ஆய்வுக்குழு செய்யும் தளத்தையே பாருங்கள். கண்ணாடியின் மேல் 10 நானோமீட்டருக்கும் சிறிய தங்கப் புள்ளிகள், ஏறத்தாழ அறுகோண ஒழுங்கில். ஒவ்வொன்றும் ஓரிரு புரதங்கள் மட்டுமே உட்காரும் அளவு. நடுவில் இருக்கும் இடம் முழுக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு, அங்கே செல் ஒட்டாது. டி செல்லின் ஏற்பியை (வெளியிலிருந்து வரும் மூலக்கூறை உணரும் புரதத்தை) பிடிக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, புள்ளிகளில் மாட்டிவிட்டுச் செல்லை மேலே விடுகிறார்கள். 2013இல் வந்த அவர்கள் முடிவுப்படி, புள்ளிகள் நெருங்கி இருந்தால் செல் நன்றாகத் தூண்டப்படுகிறது. விலக விலகத் தூண்டல் குறைகிறது.

உடலில் டி செல்லுக்கு எதிர்ச்செனியை (ஆன்டிஜென்) காட்டும் செல் மெத்தென்று இருக்கும், அதன் சவ்வில் புரதங்கள் நகரும். இந்தத் தங்கப் புள்ளிகள் நகராது. செல்லிடமிருந்து இது எடுத்துக்கொள்வது ஒரே ஒரு அம்சத்தை: எந்த மூலக்கூறு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை. ஆகவே முழு உருவத்தையும் நினைவூட்டாத "ஒப்பு" போதும். உயிரொப்பு.

> "உயிர்ப்பாவனைப் பரப்பு" காதுக்கு இனிமையாக இருக்கிறதே?

இலங்கை நண்பர்களைக் கேளுங்கள். அங்கே பாவனை என்றால் பயன்பாடு, யாழ்ப்பாணத்தில் பரப்பு என்பது காணி அளவு. யாரோ தோட்டம் செய்கிற நிலம் என்று நினைத்துவிடப் போகிறார்கள்!

பரப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், டி செல் பிடிக்கும் மூலக்கூறைச் சுற்றியுள்ள சவ்வின் மட்டத்திலேயே ஒரு முறையும், 10 நானோமீட்டர் உயரத் திட்டின் மேல் ஒரு முறையும் வைத்துப் பார்த்தார்கள். உயர்த்தி வைத்தால் தூண்டலை நிறுத்தும் சிடி45 என்ற நொதி ஏற்பியின் அருகே வர வழி கிடைக்கிறது. இரண்டிலும் செல் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. உயரமும் கணக்கில் வருகிறபோது நீள அகலத்தை மட்டும் சொல்லும் பரப்பு போதாது. தளம் பொருந்தும்.

நானோவுக்குப் பதில் "மீநுண்" என்று வைக்கலாமா என்பது பற்றி நீட்ட விரும்பவில்லை. நானோ பள்ளிப் புத்தகத்துக்கே வந்துவிட்டது, இருக்கட்டும்.

சரி, என் பரிந்துரை: நானோ உயிரொப்புத் தளம்.

அப்புறம், லிகண்டுக்கு என்ன செய்யலாம்? வேதியியல் பாடத்தில் ஈனி என்கிறோம், உலோகத்துக்கு எலக்ட்ரான் இணையை ஈவதால். இங்கே ஏற்பியில் போய்ப் பொருந்துகிற புரதத்துக்கு அது ஒட்டவில்லை. பிணைவி எனலாமா? உயிர்வேதியியல்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.