ஷாமிசென்னா கெய்ஷா வாத்தியம் மட்டும்தானா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

மெல்லிசைப்பித்தன்:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒசாகா தேசிய புன்ராகு தியேட்டர்ல பொம்மலாட்டம் பாத்தேன். பொம்மைய பாக்கத்தான் போனேன், ஆனா பாதி நேரம் மேடைக்கு வலது பக்கம் உக்காந்து ஷாமிசென்னு சொல்ற மூணு தந்தி வாத்தியம் வாசிச்ச பெரியவரைத்தான் பாத்துட்டு இருந்தேன். ரொம்ப நேரம் அசையாம இருப்பாரு, திடீர்னு ஒரே ஒரு அடி, அந்த ஒரு அடியிலயே பொம்மைக்கு நெஞ்சு அடைக்குதுன்னு நமக்குத் தெரிஞ்சிடுது. ஒரு நண்பர்கிட்ட இதச் சொன்னா "ஷாமிசென்னா கெய்ஷாக்கள் வாசிக்கிறதுதானே"ன்னு ஒரே வரில முடிச்சிட்டார் (கெய்ஷான்னா விருந்துல ஆடிப் பாடுற ஜப்பானியப் பெண் கலைஞர்கள்). எனக்கு மனசு ஆறல. நிஜமாவே அவ்ளோதானா? அப்புறம் அந்த தடிமனான தந்தில கூடவே ஒரு 'ர்ர்ர்'னு அதிர்வு வருதே அது வேணும்னே வைக்கிறதா? பூனைத் தோல்ல செய்றாங்கன்னு சொல்றதும் உண்மையா? கேக்க ஆரம்பிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

கடற்காகம்:
கெய்ஷா வாசிக்கிறது உண்மைதான், கியோட்டோ கியோன்ல இன்னைக்கும் அது அவங்க கட்டாயம் கத்துக்குற கலை. ஆனா அது இந்த வாத்தியத்தோட ஒரு வீடு, அவ்ளோதான்.

சீனாவோட சான்ஷியான்ங்கற மூணு தந்தி வாத்தியம் ரியூக்யூ ராஜ்ஜியத்துக்கு, அதாவது இன்னைய ஒகினாவாவுக்குப் போய் பாம்புத் தோல் போர்த்துன சான்ஷின் ஆச்சு. 16ஆம் நூற்றாண்டு நடுவுல அது ஒசாகா பக்கத்துல இருக்குற சாகாய் துறைமுகத்துல வந்து இறங்குச்சு. அங்க அத கையில எடுத்தவங்க பிவாங்கற தந்தி வாத்தியம் வாசிச்சு கதை பாடிட்டு இருந்த பார்வை இல்லாத பாடகர்கள். அவங்க கை பிவாவோட பெரிய மீட்டுகோலுக்குப் பழகின கை, அதனால பாச்சின்னு சொல்ற அந்த அகலமான மீட்டுகோல் இதுக்கும் வந்துடுச்சு. அவ்ளோ பெரிய பாம்புத் தோல் அங்க கிடைக்கல, பூனைத் தோலும் நாய்த் தோலும் வந்துச்சு. பாச்சி தந்திய மீட்டுறதோட நிக்காது, தோலையும் சேத்து அடிக்கும். நீங்க கேட்ட அந்த ஒரு அடில பாதி தந்தி, பாதி தோல்.

எடோ காலத்துல (1603 - 1868) இது நகரத்து சாதாரண ஜனங்களோட வாத்தியமா ஆச்சு. கபுகி நாடக மேடை, கேளிக்கைப் பேட்டை, தெருப்பாட்டு, எல்லா இடத்துலயும் இதுதான். 1684-ல தாகேமோட்டோ கிதாயு ஒசாகால தன் பொம்மலாட்ட அரங்கத்த ஆரம்பிச்சார், சிகாமாட்சு மோன்சயேமோன் அதுக்கு நாடகம் எழுதினார், நீங்க பாத்தது அந்த வழில வந்ததுதான். அதுல தாயுன்னு ஒருத்தரே பெரும்பாலும் எல்லா பாத்திரத்துக்கும் குரல் குடுப்பார். அவருக்குப் பக்கவாத்தியம்னு ஷாமிசென்ன நினைச்சிடாதீங்க. இடம், பொழுது, மனநிலை எல்லாத்தையும் முதல்ல வரையுறது அதுதான், பாடுறவருக்கு எப்ப மூச்சு விடணும்ங்கறதையே அது தீர்மானிக்கும். இசைய நடத்துற கண்டக்டர்னு ஒருத்தர் கிடையாது, பாடகரும் வாத்தியக்காரரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறதும் இல்ல.

நாட்டைராகம்:
அந்த 'ர்ர்ர்' பத்தி மட்டும் நான் சொல்றேன். அதுக்கு சவாரின்னு பேர். வேணும்னேதான் வைக்கிறாங்க, அது சரியா வரலைனா வாத்தியம் செத்துப் போச்சுன்னே சொல்லுவாங்க. தண்டோட தலைப்பக்கம் ஒரு சின்ன உலோக மேடு இருக்கும், ரெண்டாவது மூணாவது தந்தி ரெண்டும் அது மேல உக்காந்து போகும், முதல் தந்தி (தடிமனான தந்தி) மட்டும் அதுல ஏறாம நேரா மரத்துல படுத்து, அங்க செதுக்கி வச்சிருக்குற ஒரு வரம்ப லேசா உரசும். அந்த உரசல்தான் ரீங்காரம். நம்ம தம்புரால ஜீவாக்கு (அந்த ரீங்காரத்துக்கு) நூல் வச்சு தேடுவோம்ல, அதே தேடல்தான். இன்னொரு விஷயம், மத்த தந்தில சரியான சுரம் விழுந்தா முதல் தந்தியும் சேர்ந்து ரீங்காரிக்கும், அதனால சுருதி சேந்துதான்னு வாத்தியமே சொல்லிடும்.

தண்டுல மெட்டு எதுவும் கிடையாது, விரலுக்கு காதுதான் வழி. தண்டு தடிமன வச்சு மெல்லிசு, நடுத்தரம், தடிசுன்னு மூணு வகை. கபுகியோட நாகாவுதா பாட்டுக்கு மெல்லிசு, அறைக்குள்ள பாடுற ஜியுதா பாட்டுக்கு நடுத்தரம், நீங்க பாத்த புன்ராகுக்கு தடிசு. பாடம் வாயாலதான் சொல்லிக் குடுப்பாங்க, மூணாவது தந்திய விரல் வைக்காம மீட்டினா 'தென்', விரல் வச்சா 'சின்', தந்திங்கள சேத்து அடிச்சா 'ஷான்'. இதுக்கு குச்சி ஜாமிசென்னு பேர், வாயால வாசிக்கிற ஷாமிசென்.

செவ்வந்தி:
கெய்ஷாவ பத்தி பேசுறவங்க கோஸே பத்தி பேசவே மாட்டேங்குறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். எச்சிகோ (இப்போ நீகாத்தா) பக்கம் பார்வை இல்லாத பெண்கள் குழுவா சேந்து ஊர் ஊரா நடந்து பாடிப் பிழைச்சாங்க. முன்னால போறவங்களோட முதுகு மூட்டைல கை வச்சிட்டு வரிசையா நடப்பாங்க, ஷாமிசென்னும் கூடவே போகும், பனி கொட்டுற ஊர் வேற. வழக்கமா தங்குறதுக்குன்னு ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வீடு இருக்கும், ராத்திரி ஊரே அங்க வந்து கதைப்பாட்டு கேக்கும். அவங்க பாட்டு கேட்டா பட்டுப்புழு நல்லா வளரும்னு விவசாயிங்க நம்புனாங்க. கட்டுப்பாடு ரொம்ப கடுமை, ஆணோட உறவு வச்சா குழுவ விட்டே அனுப்பிடுவாங்க. கடைசி கோஸேன்னு சொல்லப்படுற கோபாயாஷி ஹாரு 1900-ல பிறந்து 2005 வரைக்கும் வாழ்ந்தாங்க, 1978-ல அவங்க கலைக்கு அரசாங்கம் அங்கீகாரம் குடுத்துச்சு.

வடக்க அவோமோரில பார்வை இல்லாத ஆண்கள் வீட்டு வாசல்ல நின்னு வாசிச்சு அரிசி வாங்கினாங்க. அங்க பொறந்ததுதான் ட்சுகாரு ஜாமிசென். வாசல்ல நிக்கிறவன் வாசிக்கிறது உள்ள இருக்குறவங்க காதுல விழணும், அடுத்தவன விட பலமா வேகமா வாசிச்சாதான் சோறு, அதனால அந்த பாணியே தோல ஓங்கி அடிக்கிற பாணியா வளந்துச்சு. தாகாஹாஷி சிகுசான் (1910 - 1998) அப்படி வீடு வீடா நடந்தவர்தான், 1970-கள்ல டோக்கியோ ஷிபுயால ஒரு சின்ன அரங்கத்துல அவர் வாசிச்சத காலேஜ் பசங்க கூட்டம் கூட்டமா வந்து கேட்டாங்க. கேக்க ஆரம்பிக்கணும்னா அவர்கிட்டேருந்துதான் ஆரம்பிக்கணும்.

கடற்காகம்:
செவ்வந்தி சொல்றதுல எனக்கு ஒரு இடத்துல உடன்பாடு இல்ல. முதல்ல ட்சுகாரு கேட்டா அந்த வேகத்துல மயங்கிடுவோம், அப்புறம் புன்ராகுல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இருக்குற அமைதி சலிப்பா தோணும். பித்தன் ஏற்கனவே அந்த அமைதில விழுந்துட்டார், அவர் கிதாயு பாணி, அதாவது புன்ராகு இசை பக்கமே இருக்கட்டும், அப்புறம் ஜியுதா, அதுக்கப்புறம் வடக்க போகட்டும்.

செவ்வந்தி:
சிகுசான கேளுங்க, அவர்ட்டயும் அமைதி இருக்கு, வேகம் மட்டும்னு நினைக்கிறது இப்போ வர்ற மேடை வாசிப்பால வந்த எண்ணம்.

நாட்டைராகம்:
தோல் விஷயம் யாரும் முழுசா சொல்லலையே. உண்மைதான், மெல்லிசு வகைக்கு பூனை, ட்சுகாருக்கும் பயிற்சி வாத்தியத்துக்கும் நாய்னு வழக்கம். இப்போ ஜப்பான்ல அத பதப்படுத்துறவங்களே அரிதாயிட்டாங்க, ஜனங்களுக்கும் மனசு ஒப்பல, செயற்கைத் தோல் நிறைய வந்தாச்சு, கங்காரு தோலும் முயற்சி பண்றாங்க. நிஜத் தோல் ஈரக்காத்துல கிழியும், செயற்கைக்கு அந்தத் தொல்லை இல்ல, ஆனா அடி விழுந்ததும் சத்தம் அடங்குற விதம் இன்னும் அப்படியே வரல. தந்தத்துல செஞ்ச பாச்சிக்கும் 1989 தந்த வியாபாரத் தடைக்கப்புறம் இதே கதை. தண்டுக்கு உசந்த மரம்னு அவங்க தேடுற கோகி நம்ம கிழக்குத் தொடர்ச்சி மலைல வளர்ற செம்மரம்தான், அதுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கு. பட்டுத் தந்திக்கு மஞ்சள் நிறம் வர்றதே மஞ்சள் கிழங்குச் சாயத்தாலதான்.

2020-ல கொரோனா சமயத்துல கச்சேரி எல்லாம் நின்னு, ஹாச்சியோஜில இருக்குற பெரிய ஷாமிசென் பட்டறை மூடப்போறோம்னே அறிவிச்சுது. ரசிகர்களும் ஒரு ராக் பேண்டும் பணம் குடுத்து உதவுனதுல தப்பிச்சுது. 2002-லேருந்து நடுநிலைப் பள்ளில ஏதாவது ஒரு ஜப்பானிய வாத்தியம் தொடணும்னு பாடத்திட்டத்துல இருக்கு, ஆனா பசங்க கைக்குக் குடுக்க வாத்தியம் செய்ற கை வேணுமே.

மெல்லிசைப்பித்தன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த நண்பருக்கு இந்தப் பேச்ச அப்படியே அனுப்பிட்டேன். சிகுசான், கிதாயு ரெண்டையும் இந்த வாரமே கேக்குறேன், செவ்வந்தி கோஸே பாட்டு பழைய ஒலிப்பதிவு ஏதாவது கிடைச்சா சொல்லுங்க.