மணலில் ஓடும் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா?

அப்பாவுக்கு வயது 78. வரலாற்று ஆசிரியராக இருந்தும் மாமல்லபுரத்தை நேரில் பார்த்ததில்லை. சென்ற ஞாயிறு சென்னையிலிருந்து காரில் அழைத்துப்போனேன். அர்ச்சுனன் தபசைச் சாலையோரத்திலிருந்தே கண்குளிரப் பார்த்தார். ஐந்து ரதங்களைச் சுற்றியோ மணல். வாடகைக்கு எடுத்த மடக்கு நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் பத்தடிக்குள் புதைந்துவிட்டன. பின்பக்கமாகத் திருப்பி இழுத்தும் பயனில்லை. இடுப்பு அறுவை சிகிச்சை செய்தவர் என்பதால் தூக்கவும் முடியாது. பாறையையே செதுக்கிய 7ஆம் நூற்றாண்டு ரதங்களைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திரும்பினோம். திரௌபதி ரதத்தின் கூரை குடிசைக் கூரையேதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்; எனக்கு மனம் ஆறவில்லை.

புரசைவாக்கத்தில் மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன், எல்லாம் அதே மெல்லிய சக்கரம். வியாழக்கிழமை அப்பா ஊர் திரும்புகிறார்.

அகலமான டயர் உள்ள, காரில் ஏற்றக்கூடிய சக்கர நாற்காலி சென்னையில் ஒருநாள் வாடகைக்கு எங்கே கிடைக்கும்?