இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட்: சோடா போட்டுச் சாக்கடையில் விடலாமா?

கேள்வி:
150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, சார்ஜ் நிற்பதில்லை. காயலான் கடையில் ஆசிட்டைக் கொட்டிவிட்டுக் காலியாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஆப்ப சோடா எவ்வளவு போட வேண்டும்?

பதில் 1:
கொட்டவே வேண்டாம். காலியாகக் கேட்கிற கடைக்குக் கொடுக்கவும் வேண்டாம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைப்பது பயன்படுத்தியவரின் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்ச் கேளுங்கள். மூடிகளை இறுக்கி, டெர்மினல்களில் டேப் சுற்றி, சாய்க்காமல் கொண்டுபோங்கள்.

பதில் 2:
கணக்கைப் பார்த்தாலே ஆசை விட்டுப்போகும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.250 காட்டினால் லிட்டருக்குச் சுமார் 420 கிராம் கந்தக அமிலம். அதற்கு 720 கிராம் சோடா வேண்டும். பத்து லிட்டர் என்றாலே ஏழு கிலோவைத் தாண்டும். ஒரு லிட்டர் ஆசிட்டுக்கு 200 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு பொங்கும், வாளி வழியும். ரீடிங் குறைவாக இருந்தால் சோடாவும் குறையும். மீதி அமிலம் சல்பேட்டாகப் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் படிந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, கொட்டவில்லை. ஆனால் ஒரு செல் கசிந்து சிமென்ட் தரையில் அரை லிட்டர் போல நிற்கிறது. காஸ்டிக் சோடா இருக்கிறது, போடலாமா?

பதில் 2:
காஸ்டிக் கூடாது. சூடேறித் தெறிக்கும், அதுவே தோலை அரிக்கும். ஆப்ப சோடா அரை கிலோ எடுங்கள். ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். முதலிலேயே தண்ணீர் அடித்தால் ஆசிட் பரவும். நுரை நின்றதை மட்டும் நம்பாமல் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 6 முதல் 8 வருகிறதா பாருங்கள். பிளாஸ்டிக் முறத்தால் அள்ளுங்கள், அலுமினியம் வேண்டாம். பருத்தித் துணியால் துடைத்துக் காயப்போடாதீர்கள். தண்ணீர் ஆவியாக ஆக ஆசிட் கெட்டியாகி, துணி பொத்தலாகிவிடும்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போச்சு. சோடா அமிலத்தைத்தான் முறிக்கும், ஈயத்தை அல்ல. அள்ளிய சேற்றில் ஈயச் சேர்மங்கள் இருக்கும். சாக்கடை, செடித்தொட்டி இரண்டுமே கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு "ஈயக் கழிவு" என்று எழுதி, பேட்டரியோடு சேர்த்து எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். வாயு முழுக்க அடங்கிய பிறகே மூடியை இறுக்குங்கள். கண்ணில் தெறித்தால் சோடாக் கரைசல் வேண்டாம். ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை.