எக்செல் எடுத்தா நோசச்மெத்தட்எரர்: எக்ஸ்க்ளூஷனா, டிபென்டென்சி மேனேஜ்மென்ட்டா?

ஆத்தங்குடி_கல்: காரைக்குடியில டைல்ஸ் ஆர்டர் எடுக்கிற தளம். ஜாவால ஸ்பிரிங் பூட் 3, லைப்ரரிகளை இழுத்துட்டு வர்ற பில்ட் கருவி மேவன். பில்ட் சுத்தமா முடியுது. எக்செல் அறிக்கை இறக்கினா மட்டும் காமன்ஸ் ஐஓ லைப்ரரியில பில்டர் மெத்தட் இல்லைன்னு நோசச்மெத்தட்எரர். லைப்ரரிகளைப் பட்டியலிடுற போம் கோப்புல, கோப்பு பதிவேற்றத்துக்கான காமன்ஸ் ஃபைல்அப்லோட் 1.5 மேல, எக்செலுக்கான அப்பாச்சி பிஓஐ 5.2.5 கீழ இருக்கு.

தேவகோட்டை: எந்த லைப்ரரி எதை இழுக்குதுன்னு காட்டுற டிபென்டென்சி ட்ரீயை வெர்போஸ் சேர்த்து ஓட்டுங்க தம்பி. பிஓஐ கேட்கிறது காமன்ஸ் ஐஓ 2.15.0. ஃபைல்அப்லோட் இழுத்துட்டு வர்றது 2.11.0. அந்த பில்டர் வந்ததே 2.12-லதான். ரெண்டும் ஒரே ஆழத்துல இருந்தா மேவன் பெரிய எண்ணைப் பார்க்காது. பந்தியில முதல்ல உட்கார்ந்தவனுக்கே இலை. கம்பைலர் உங்க கோடை மட்டும்தான் சரிபார்க்கும். பிஓஐ ஏற்கெனவே கம்பைல் ஆன ஜார் (ஜாவா லைப்ரரி கோப்பு), அதான் ஓடும்போது வெடிக்குது. ஃபைல்அப்லோடுக்குக் கீழ காமன்ஸ் ஐஓ-வை விலக்கி ஒரு எக்ஸ்க்ளூஷன் போடுங்க, தீர்ந்தது.

கானாடுகாத்தான்: எங்க தீருது அண்ணே? நாளைக்கு வேறொரு லைப்ரரி பழைய ஐஓ-வோட வந்து மேல உட்கார்ந்தா மறுபடியும் இதே கதை. போம்ல டிபென்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில காமன்ஸ் ஐஓ 2.15.0-ன்னு ஒரே இடத்துல எழுதிட்டா யார் இழுத்தாலும் அதுதான் வரும். பதிப்புகளைத் தானே தர்ற ஸ்பிரிங் பூட்டின் பேரன்ட் போம் பார்த்துக்கும்னு இருக்காதீங்க, அதோட பட்டியல்ல காமன்ஸ் ஐஓ கிடையாது.

தேவகோட்டை: அங்கதான் வில்லங்கம். பிஓஐ-யை ஏத்தும்போது அது இன்னும் புதிய ஐஓ கேட்டா, உங்க மேனேஜ்மென்ட் வரி சத்தமில்லாம 2.15.0-யையே பிடிச்சு வைக்கும். எக்ஸ்க்ளூஷன்ல பிஓஐ கேட்டது தானா வரும்.

கானாடுகாத்தான்: அதுக்குத்தான் பில்ட்ல விதிகளைச் சோதிக்கிற மேவனோட என்ஃபோர்சர் பிளகின். ரிக்வயர்அப்பர்பவுண்ட்டெப்ஸ் விதியைச் சேருங்க. கேட்டதைவிடத் தாழ்ந்த பதிப்பு தேர்வானா பில்டே நின்னுடும், வாடிக்கையாளர் முன்னாடி விழாது. டிபென்டென்சிகன்வர்ஜென்ஸ் மட்டும் வேண்டாம், பதிப்பு துளி மாறினாலும் மறிக்கும். நாள் பூரா அதோடவே மல்லுக்கட்டணும்.

பள்ளத்தூர்: ஃபைல்அப்லோட் எதுக்குன்னு யாருமே கேட்கலையே! ஸ்பிரிங் 6-ல, ஃபைல்அப்லோடைப் பயன்படுத்தின காமன்ஸ்மல்டிபார்ட்ரிசால்வரையே எடுத்துட்டாங்க. ஃபைல்அப்லோட் 1.5-இன் சர்வ்லெட் பகுதி பழைய ஜாவாஎக்ஸ் பேக்கேஜ் பெயர்ல இருக்கு, ஸ்பிரிங் பூட் 3 புதிய ஜகார்த்தா பெயர்ல, ஒட்டாது. ஸ்பிரிங் பூட்டோட சொந்தக் கோப்பு பதிவேற்ற வசதியான மல்டிபார்ட்டே போதும். கோப்பு வரம்பு இயல்பா 1 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 10 எம்பி. டிசைன் படம் பெருசா வந்தா அந்த ரெண்டையும் ஏத்திக்குங்க.

கானாடுகாத்தான்: சரிதான். ஆனா நீக்கறதுக்கு முன்னாடி கோட்ல அதோட இம்போர்ட் எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. பிறகு கிளீன் பண்ணி பில்ட் எடுங்க. வார் கோப்பா (முழுத் தளத்தோட தொகுப்பு) டாம்கேட் சர்வர்ல போடுறீங்கன்னா விரிச்ச பழைய ஃபோல்டரையும் அழிங்க. லிப் ஃபோல்டர்ல ரெண்டு ஐஓ ஜார் கிடந்தா திரும்பவும் மண்டை காயும்.

தேவகோட்டை: நீக்குறதா இருந்தா அந்த மேனேஜ்மென்ட் வரியும் வேண்டாம். என்ஃபோர்சர் மட்டும் இருக்கட்டும்.

கானாடுகாத்தான்: வரி இருந்துட்டுப் போகட்டும் அண்ணே. ஃபைல்அப்லோட் மாதிரி இன்னொண்ணு வராதுன்னு யார் சொன்னா?